இடது காதில் பஞ்சு

எங்கள் வீட்டில் மனைவியை இழந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் மாமனார். அவருக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. நான் புதிது. எங்களுக்கு நடுவே என் மகள். இன்னும் நான்கு வயது ஆகவில்லை. ஓரிடத்தில் நிற்காமல் தெறித்துக்கொண்டே இருப்பதால் அவளுக்கு மிளகு என்று அவள் அம்மா பெயர் வைத்தாள். பள்ளியில் வேறு பெயர் இருக்கிறது. வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை.

வாசலை ஒட்டிய தகர ஷெட்டில் ஒரு கார் இருந்தது. பழைய ஸ்போர்ட்ஸ் கார். பச்சை நிறம், துணிக்கூரை, இரண்டு பேருக்கு மட்டும் இடம். முன்விளக்குகள் துருத்திக்கொண்டு நிற்பதால் அதற்குத் தவளை என்று பெயர். மாமா தன் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. அத்தை போன பிறகு, பெண் குழந்தையை எப்படி வளர்ப்பது என்று தெரியாமல், மகளை ஷெட்டிலேயே தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவள் ஸ்பேனர்களைப் பார்த்து எண் படித்தாள். அவளுக்கு லைசென்ஸ் கிடைத்த அன்று சாவியைக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு அது அவள் வண்டி. என்னைப் பெண் பார்க்கக் கூட்டிப் போனதும் அந்த வண்டியில்தான். ஓட்டியது பெண்.

தவளையின் இன்ஜினில் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர்கள் இரண்டு, முன்னும் பின்னுமாக. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். சரிபார்க்க இப்போது கருவிகள் வந்துவிட்டன. மாமா மகளுக்குப் பழக்கியது ரப்பர் குழாய். ஒரு முனையைக் கார்புரேட்டரின் வாயருகே பிடித்து மறுமுனையைக் காதில் வைத்தால், காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். முன்னதைக் கேட்டு, பின்னதைக் கேட்டு, இரண்டும் ஒன்றாகும் வரை திருகைத் திருக வேண்டும்.

என் மனைவிக்கு இடது காது மந்தம். சின்ன வயதில் சீழ் பிடித்ததில் வந்த குறை. அதனால் நான் எப்போதும் அவளுக்கு வலது பக்கம் நடப்பேன். கட்டிலிலும் வலது பக்கம்தான்.

"திட்டறதா இருந்தா அந்தப் பக்கமா போய்த் திட்டு. உனக்கும் திருப்தி, எனக்கும் நிம்மதி" என்பாள்.

ஷெட் குறுகல். அவள் நின்ற இடத்திலிருந்து நகராமல் முன் கார்புரேட்டரை வலது காதிலும் பின் கார்புரேட்டரை இடது காதிலும் கேட்பாள். இடது காதுக்குச் சத்தம் போதாது. ஆகவே பின்னதைக் கூடுதலாகத் திறந்துவிடுவாள். அவள் காதுகளுக்கு இரண்டும் சமம். இன்ஜினுக்கு அப்படி இல்லை. நின்ற இடத்தில் தவளை நொண்டியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும், மிஞ்சிய பெட்ரோல் சைலன்சருக்குள் போய் வெடித்தது. டப். கொஞ்சம் தள்ளி இன்னொரு டப்.

மாமாவுக்குக் காரணம் தெரியும். அவர் ஒருநாளும் திருத்தவில்லை.

"சொன்னா கழட்டி மாட்டிக்கவா போறா, காதை?" என்பார்.

சாயங்காலம் கேட்டுக்கு முன்னால் அவள் காலை எடுப்பாள். டப், டப். மிளகு பிறந்ததிலிருந்து அதுதான் அம்மா வரும் சத்தம்.

அவள் அலுவலகத்தில் இறந்தாள். கூட்டத்துக்கு நடுவே தலை வலிக்கிறது என்று எழுந்தவள் கதவு வரை போகவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாகச் சொன்னார்கள். நான் மருத்துவமனையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அலுவலக வாசலில் தவளை தனியாக நின்றது. மாமா போய் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. கேட்டுக்கு முன்னால் காலை எடுத்தார்.

"அம்மா வந்தாச்சு!" என்று மிளகு ஓடி வந்தாள்.

இதைப் பக்கத்து வீட்டு அம்மாள் எனக்குச் சொன்னார். மாமா சொல்லவில்லை.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஊருக்குப் போகும் குடிநீரில் ஏதாவது கலந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அவள் போன பிறகும் அதே வேலையை அதே மாதிரி செய்தேன். தேறிவிட்டேன் என்று கூட வேலை பார்ப்பவர்கள் நினைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மாமா தவளையை வெளியே எடுப்பார். பழைய இன்ஜினைச் சும்மா நிறுத்தி வைக்கக் கூடாது. தெருமுனை தாண்டிப் போய், சூடு ஏறியதும் திரும்புவார். கேட்டுக்கு முன்னால் டப், டப். மிளகு எதைச் செய்துகொண்டிருந்தாலும் போட்டுவிட்டு ஓடுவாள். பால் டம்ளர், பிரஷ், பாதி மாட்டிய சட்டை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிப்பாள். மாமா இறங்குவார். அவள் இருக்கையைப் பார்ப்பாள். குனிந்து இருக்கைக்கு அடியில் பார்ப்பாள். பின்பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவாள்.

"அம்மா நடந்து வர்றாங்களா தாத்தா?"

"இல்லடா தங்கம்."

"பஸ்லயா?"

அவளிடம் நான் மறைக்கவில்லை. அம்மா இறந்துட்டாங்க, இனிமே வர மாட்டாங்க என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லியிருந்தேன். "தெரியும்" என்பாள். தெரியும்தான். சத்தம் கேட்டால் தெரியாமல் போய்விடும். அன்று முழுவதும் சாப்பிட மாட்டாள். சாயங்காலம் ஒன்றுமில்லாததற்கு அழுவாள்.

"வேண்டாமே மாமா" என்றேன் ஒருமுறை.

"குழந்தைதானே மாப்பிள்ளை. போகப் போகப் பழகிடும்."

சமையலறை ஜன்னலிலிருந்து வாசல் தெரியும். ஒரு ஞாயிறு அவர் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டியைக் கேட்டுக்குள் திருப்பும்போது எவரும் கேட்டைத்தான் பார்ப்பார்கள். அவர் வீட்டுக் கதவைப் பார்த்தார். மிளகு கத்திக்கொண்டு வெளியே வந்தாள். அவர் முகம் மலர்ந்தது. கதவிலிருந்து கேட் வரை அவள் ஓடிவரும் தூரத்துக்கு அவருடைய மகள் சாகவில்லை. அதற்குத்தான் அவர் பெட்ரோல் போட்டார்.

பழைய கார்களை வாங்கி விற்கும் வியாபாரி ஒருவருக்குத் தவளைமேல் பல வருடமாக ஒரு கண். துக்கம் விசாரிக்க வந்தவர், விசாரித்து முடித்த கையோடு ஷெட்டுப் பக்கம் பார்த்தார். மிளகு அப்போது பள்ளியில் இருந்தாள்.

"தப்பா எடுத்துக்கக் கூடாது சார். ஓட்ட ஆளில்லாம நிக்குது. நல்ல விலை போற நேரம்."

"ஏன், நான் ஓட்டறேனே."

"ஞாயித்துக்கிழமை தெருமுனை வரைக்கும் போய்ட்டு வர்றது ஓட்டறதா சார்? நாயை வெளிய கூட்டிட்டுப் போய்ட்டு வர்ற மாதிரி."

மாமா சிரித்துவிட்டார். அவர் சிரித்ததில் வியாபாரிக்குத் தைரியம் வந்தது.

"ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்களேன்."

பண்ணினார். வியாபாரி தலையைச் சாய்த்துக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டு கார்புரேட்டரும் பேச்சுவார்த்தை இல்லாத புருஷன் பொண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் இழுக்குது. இத மட்டும் சரி பண்ணிட்டா நான் இன்னும் ஏத்திக் குடுப்பேன். உங்க மனசுல என்ன விலை இருக்கு, சொல்லுங்க."

"ஓனரைக் கேட்டுச் சொல்றேன்" என்றார் மாமா.

அது அவருடைய பழைய விளையாட்டு. அவர் இப்படிச் சொன்னால் வீட்டுக்குள்ளிருந்து அவள் கத்துவாள். "வண்டி கிடையாது! வேணும்னா அப்பாவ எடுத்துட்டுப் போங்க, சும்மாவே தர்றேன்!" அதற்குச் சிரித்துப் பழகியவர் வியாபாரி. இப்போது அவர் முகத்தில் ஈயாடவில்லை. மாமா வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தார். பதிலுக்குக் காத்திருப்பவர் மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

அடுத்து வந்த ஒரு ஞாயிறு மழை. மிளகு கேட் தாழ்ப்பாளைத் தூக்கக் கற்றுக்கொண்டிருந்தாள் என்பது எங்களுக்குத் தெரியாது. சத்தம் கேட்டதும் ஓடினாள். தவளை இன்னும் கேட்டுக்குள் திரும்பவில்லை. எதிர்ப் பக்கத்திலிருந்து பார்சல் வேன் ஒன்று வந்தது. பிரேக் சத்தம் கேட்டு நான் கையில் கரண்டியோடு வெளியே வந்தேன். அவள் தெருவின் நடுவில் நின்றாள். ஒரு கால் செருப்பு வேன் சக்கரத்துக்கு அடியில் இருந்தது. அதில் கால் இல்லை.

வேன் டிரைவர் இறங்கினார்.

"புள்ளையத் தெருவுல விட்டுட்டு உள்ள என்னய்யா பண்றீங்க? இவ அம்மா எங்க?"

மிளகு கையை நீட்டித் தவளையைக் காட்டினாள். அதனுள்ளே மாமா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவளைத் துவட்டித் தூங்க வைத்துவிட்டு வந்தேன். மாமா சமையலறையில் கழுவிய தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"போதும் மாமா."

"கேட்டுக்குப் பூட்டு வாங்கிட்டு வரேன்."

"கேட்டுக்கு வாங்கலாம். அவ காதுக்கு?"

"நிறுத்தி வெச்சா இன்ஜின் இறுகிடும் மாப்பிள்ளை. அப்புறம் அசைக்க முடியாது."

"இறுகட்டும்."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் குழாயை மூடினார்.

"வண்டிய நிறுத்த வேண்டாம். சத்தத்த மாத்திடறேன்."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"பின்னாடி கார்புரேட்டரச் சரி பண்ணிட்டா 'டப்' வராது. வேற யாரோ வண்டி மாதிரி இருக்கும். அவ எழுந்து வர மாட்டா."

என்னைப் பார்க்காமல் சொன்னார். நான் சரி என்றேன்.

அதைத் தன் கையால் செய்ய அவரால் முடியவில்லை. எதையும் வெளியே காட்டாத மனிதர், ரேடியேட்டர் மூடி மாற்றக்கூட இன்னொருவரை அண்டாதவர், தவளையை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். நானும் போனேன். மெக்கானிக் வட்டமான ஒரு கருவியை முன் கார்புரேட்டர்மேல் வைத்தார், பின்னதன்மேல் வைத்தார், சிரித்தார்.

"யார் சார் இப்படி வெச்சது? காது கேக்காதவங்க பண்ண மாதிரி இருக்கு."

"ஆமா" என்றார் மாமா.

மெக்கானிக் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார். திருகை நான்கைந்து முறை திருகினார். அவ்வளவுதான் வேலை. நொண்டல் போய்விட்டது. "இனிமே பூனை மாதிரி போகும், பாருங்க" என்றார். அப்படித்தான் போனது. மாமா வீடு வரை ஓட்டி வந்தார். கேட்டுக்கு முன்னால் காலை எடுத்தார். ஒன்றும் வெடிக்கவில்லை.

ஞாயிறு வந்தது. மிளகு தரையில் உட்கார்ந்து, நான் பரிசோதனைக் கூடத்திலிருந்து கொண்டுவந்த பாட்டில் மூடிகளை ரயிலாக அடுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே தவளை வரும் சத்தம் கேட்டது. சீராக, அழகாக இருந்தது. அவள் நிமிரவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். மாமா வண்டியை உள்ளே கொண்டுவந்து, இன்ஜினை அணைக்காமல், கதவைப் பார்த்தபடி இருந்தார். மிளகு ரயிலுக்கு இன்னொரு பெட்டி சேர்த்தாள். பிறகு இன்ஜின் நின்றது.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. முட்டை உடைத்து ஊற்றினேன்.

அவள் நன்றாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்டாள். பள்ளியிலிருந்து புகார் வரவில்லை. மாமா அடுத்த வாரம் வண்டியை எடுக்கவில்லை. பெட்ரோல் இல்லை என்றார். அதற்கடுத்த வாரம் முழங்கால் வலி என்றார். வியாபாரி எப்படியோ மோப்பம் பிடித்து வந்தார். இன்ஜினைக் கேட்டுவிட்டுத் துள்ளினார்.

"இது சார் வண்டி! இப்ப சொல்லுங்க விலைய. நீங்க சொல்றதுதான்."

மாமா ஓனரைக் கேட்பதாகச் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்று பானெட்டை மூடிவிட்டார்.

எனக்குச் சனிக்கிழமை அரை நாள் வேலை. ஒரு சனிக்கிழமை மதியம் வீட்டுக்குள் நுழையும்போதே ஷெட்டில் இன்ஜின் ஓடுவது கேட்டது. மாமா பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர். இன்னொரு கையில் ரப்பர் குழாய். குழாயை ஒரு காதிலிருந்து எடுத்து மறு காதில் வைத்தார்.

"மிளகு எங்க?"

"தூங்கறா."

"என்ன பண்றீங்க மாமா?"

"அவ வெச்ச மாதிரி வெச்சுப் பாக்கறேன். வர மாட்டேங்குது."

"திரும்பவும் மிளகு தெருவுக்கு ஓடணுமா?"

"பூட்டு இருக்கு. அவ எழுந்திருக்கறதுக்குள்ள பழையபடி ஆக்கிடுவேன். ஒரே ஒரு தடவை." குழாயைக் கீழே இறக்கினார். "எனக்கு மறந்துபோகுது மாப்பிள்ளை. முதல் டப்புக்கு அப்புறம் அடுத்தது எவ்வளவு தள்ளி வரும்? சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். சொல்லத் தெரியவில்லை. அவளுடைய எதையும் மறந்துவிட்டதாக அதுவரை நான் நினைத்திருக்கவில்லை.

"எனக்கு ரெண்டு காதுமே போச்சு" என்றார். "ரெண்டும் ஒரே அளவு மந்தம். அதனால எப்படி வெச்சாலும் சரியா வந்து தொலைக்குது."

உள்ளே போய் மருந்துப் பெட்டியிலிருந்து பஞ்சு எடுத்துக்கொண்டு வந்தேன். உருட்டி இடது காதில் அடைத்தேன். மாமா என் இடது பக்கம் வந்து நின்றார். உதடு அசைந்தது.

"கேக்கல" என்றேன்.

"அப்ப அதிகம். கொஞ்சம் எடுங்க. சாப்பிட வான்னா அவளுக்குக் கேக்கும்."

கொஞ்சம் பிய்த்து எறிந்தேன். மறுபடி பேசினார்.

"இப்ப கேக்குது. தட்டைக் கழுவுன்னு சொன்னீங்க."

"இன்னும் கொஞ்சம் வெச்சு அடைங்க. அது அவளுக்குக் கேக்காது."

இருவரும் சிரித்தோம். பிறகு நிறுத்திவிட்டோம்.

அவள் நின்ற இடத்தில் நின்றேன். குழாயை வலது காதில் வைத்து முன் கார்புரேட்டரைக் கேட்டேன். நகராமல் கை மாற்றி, இடது காதில் பின்னதைக் கேட்டேன். பஞ்சு வழியே மெலிதாக வந்தது. திருகைத் திருப்பினேன். இன்னும் போதவில்லை. இன்னும் திருப்பினேன். இரண்டும் ஒரே மாதிரி கேட்கத் தொடங்கியபோது இன்ஜின் நொண்ட ஆரம்பித்தது. மாமா ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

பூட்டைத் திறந்து கேட்டைத் தள்ளினேன். அவர் போனதும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். தெருவில் யாரும் இல்லை. சத்தம் தேய்ந்தது. முனைக்கு அந்தப் பக்கம் காணாமல் போனது. பிறகு திரும்பி வந்தது.

நொண்டிக்கொண்டே வந்தது. பக்கத்து வீட்டைத் தாண்டியது. கால் எடுக்கப்பட்டது. டப். அதற்குப் பிறகு, நான் மறந்திருந்த அளவுக்குச் சரியாகத் தள்ளி, இன்னொரு டப்.

என் கை தாழ்ப்பாளைத் தூக்கியிருந்தது. மாமாவை உள்ளே விடுவதற்காகத் தூக்கவில்லை. நான் தெருவில் நின்றேன். வண்டிக்கு முன்னால், கண்ணாடி வழியே ஓட்டுநர் இருக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா பிரேக் போட்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி வீட்டுக் கதவைப் பார்த்தார்.

மிளகு வந்தாள். நடந்து வந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு. படியில் நின்று ஒரு கண்ணைக் கசக்கினாள். எங்களைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள்.

"தாத்தா, வண்டி ரிப்பேரா?"

வண்டியைக் கைகாட்டினாள்.

"டப்பு டப்புனு அடிக்குது."

"ஆமாடா தங்கம்" என்றார் மாமா. "ரிப்பேர்."

அவள் தலையாட்டினாள். "அப்பா, பால் வேணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். நொண்டிக்கொண்டிருந்த இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். பிறகு சாவியைத் திருப்பினார். சூடான உலோகம் சுருங்கும் சின்னச் சின்னச் சத்தங்கள் மட்டும் இருந்தன.

"அந்த ஆளுக்குப் போன் பண்ணுங்க மாப்பிள்ளை."

"என்ன விலை சொல்றது?"

"அவன் சொல்றது."

"கார்புரேட்டர மறுபடி சரி பண்ணிட்டுக் குடுக்கலாமா?"

"அவன் பண்ணிக்குவான்."

இறங்கினார். சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். என்னைக் கடந்து போகும்போது எதையோ சொன்னார். என் இடது பக்கமாகப் போனார். எனக்குக் கேட்கவில்லை.